பத்தாவது நிமிஷத்து வாடை

ஆரம்பாக்கத்து அன்புசெல்வனின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் அவருடைய எடையிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். தொண்ணூற்றெட்டு கிலோ. நாற்பத்தொரு வயதில் அவர் பேருக்கென்று இருந்த ஒரே பெரிய சொத்து அது. பத்திரப் பதிவு தேவையில்லை, பங்காளித் தகராறு கிடையாது, போகிற இடமெல்லாம் கூடவே வரும்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அன்புசெல்வன் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் காருக்கான இரும்புச் சாமான்களைக் காய்ச்சி அடித்தெடுக்கும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். பதினோரு வருஷத்தில் நாலு கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். அவர் மாறவில்லை. அதே ஃபர்னஸ், அதே இடுக்கி, அதே இடம். ஒவ்வொரு கான்ட்ராக்டர் மாறும்போதும் கம்பெனி அவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று முறைப்படி வரவேற்றது. நாலு தடவை புது அடையாள அட்டை கொடுத்து, நாலு தடவை கக்கூஸ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூட்டிப்போய்க் காட்டினார்கள். நாலாவது தடவை காட்ட வந்த பையனுக்கு வழி தெரியாமல், இவரே கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தார்.

கம்பெனியில் மனித இனம் இரண்டு வகைப்படும். பர்மனெண்ட் ஆட்களுக்கு லாக்கர் உண்டு, குளிக்க ஷவர் உண்டு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பர்மனெண்ட் ஆகும் ஆசை உண்டு. இரண்டாம் வகையிலிருந்து முதல் வகைக்கு ஏறிப் போக ஒரே ஒரு பாதைதான் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது கயிறு.

வருஷா வருஷம் மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் பேட்டையிலுள்ள கம்பெனிகளுக்குள் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். பாதுகாப்புக்கும் கயிறுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர் யாருமில்லை, ஏனென்றால் பெரிய மேனேஜருக்குக் கயிறு என்றால் உயிர். இரண்டு வருஷம் முன்னால் கம்பெனி கப் அடித்தபோது, டீமிலிருந்த எட்வர்ட் என்ற கான்ட்ராக்ட் ஆளைக் கட்டிப் பிடித்து, மைதானத்திலேயே பர்மனெண்ட் என்று அறிவித்துவிட்டார். எட்வர்ட் இப்போது டீம் கேப்டன். லாக்கர் எண் அறுபத்து மூன்று.

இந்த வருஷம் எட்டுப் பேர் டீமில் ஒரே கான்ட்ராக்ட் ஆள் அன்புசெல்வன். கடைசி ஆள் அவர். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு நங்கூரம் மாதிரி உட்கார வேண்டிய இடம். தொண்ணூற்றெட்டு கிலோவுக்கு இயற்கை ஒதுக்கி வைத்திருந்த இடமும் அதுதான். “ஜெயிச்சுட்டு வாங்க, அன்புசெல்வன் விஷயத்தை யோசிக்கலாம்” என்று பெரிய மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து சிந்தாமல் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார் அன்புசெல்வன். மனைவி வினோதா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“யோசிக்கலாம்னா சொன்னாரு?”

“ஆமாம்மே. எல்லார் எதுருலயும்.”

“யோசிக்கறதுக்கு இன்னாய்யா, எங்கப்பாகூடத்தான் என்னை உனக்குக் கட்டி வெக்கறதுக்கு முன்னாடி யோசிச்சாரு.”

சொன்னாளே தவிர, அன்று கீரையில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

டீமுக்குக் கம்பெனி ஆளுக்கொரு டீ-ஷர்ட் கொடுத்தது. கிளிப்பச்சை. முதுகில் கம்பெனி பேர். வழவழவென்று பாலியஸ்டர் துணி. வேர்வையைத் தங்கவிடாமல் உடனுக்குடன் வெளியேற்றும் நவீனத் துணி என்று கழுத்துப் பட்டியில் அச்சடித்திருந்தது. காலையில் ஐந்திலிருந்து ஆறு வரை கம்பெனி ஜிம்மில் பயிற்சி. டீ-ஷர்ட் இல்லாதவருக்கு ஜிம் கதவு திறக்காது. ஷிப்ட் முடிந்து ரெண்டு மணிக்கு மைதானத்தில் கயிறு. அதற்கும் அதே டீ-ஷர்ட்.

காலையில் ஆறு மணிக்கு அந்தத் துணியைப் பிழிந்தால் அரை லோட்டா தேறும். பர்மனெண்ட் ஏழு பேரும் குளித்துவிட்டு, லாக்கரில் விரித்துப் போட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். அன்புசெல்வனுக்கு லாக்கர் கிடையாது. ஆனால் ஃபர்னஸ் உண்டு.

ஃபர்னஸை ஒட்டி இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கிராதி ஓடுகிறது. கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கான்ட்ராக்ட் ஆட்களின் துணிக்கொடி அதுதான். துண்டு, பனியன், மழை நாளில் லுங்கி. ஃபர்னஸ் வாயிலிருந்து நாலு சாண் தள்ளிப் போட வேண்டும். மூணு சாண் என்றால் கருகும், அஞ்சு சாண் என்றால் காயாது. ஆறு நிமிஷத்தில் அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கலையில் பேட்டையிலேயே தங்களுக்கு நிகரில்லை என்று ஃபர்னஸ் ஆட்களுக்கு ஒரு பெருமை. அவர்கள் காயவைத்ததெல்லாம் பருத்தி. பாலியஸ்டர் அந்தக் கிராதிக்கு வந்தது இதுதான் முதல் தடவை. அதை அன்புசெல்வன் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

நாலாம் நாள் வாடை பிறந்தது.

சாதாரண வேர்வை வாடையை மனித குலம் அறியும். அடித்துத் துவைத்தால் போய்விடும், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. இது வேறு. ஈரச் சாக்குக்குள் ஊறுகாயை வைத்து, அந்தச் சாக்கை லாரி என்ஜின் மேல் போட்டு எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் ஒரு பகல் முழுக்க நிறுத்தி வைத்தது போல ஒரு வாடை.

வினோதா களத்தில் இறங்கினாள். ஆரம்பாக்கத்து போர் தண்ணீர் உப்பு. சோப்புத்தூள் போட்டால் நுரைக்காது. நுரை வரும்வரை தூள் போட வேண்டும் என்பது தெருவில் எல்லார் வீட்டிலும் நடைமுறையிலிருக்கும் சட்டம். வினோதா மூணு கை அள்ளிப் போட்டாள். மறுநாள் அஞ்சு கை. பிறகு வாசனைத் திரவம் என்று ரோஜா நிறத்தில் ஒரு பாட்டில் வாங்கிவந்து மூடி மூடியாக ஊற்றினாள். ராத்திரியெல்லாம் அதில் ஊறிய டீ-ஷர்ட்டை எடுத்து மோந்தால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருந்தது.

“போய் ஜெயிச்சுக்கினு வா” என்று அனுப்பினாள்.

ஜிம்மில் முதல் ஒன்பது நிமிஷம் ரோஜாதான். உடம்பு சூடேறிய பத்தாவது நிமிஷம், ரோஜாவை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து அது எழுந்து வந்தது. முன்பு தனியாக வந்தது, இப்போது ரோஜாவையும் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மெஷினில் ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே இறங்கி ஜன்னல் பக்கம் போனார். கம்பெனி ஆட்கள் நாகரிகமானவர்கள். மூக்கைச் சொறிவது போலப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த மர்மத்தைத் துலக்கியவள் வினோதாதான். ஒரு நாள் சுருக்கம் எடுக்கலாம் என்று காய்ந்த டீ-ஷர்ட் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். வைத்த கையோடு எடுத்துவிட்டாள்.

“யோவ், இங்க வாய்யா. குளுந்து இருந்தா சும்மா கீது. சூடு பட்டாக் கிளம்புது. அங்க எங்க காயப் போடற?”

“ஃபர்னஸ்லதான். எல்லாரும் அங்கதான போடறோம்.”

வினோதா இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

“வேர்வையைத் துணியிலயே வறுத்து எடுத்துக்கினு வந்துகீற. அப்பறம் நான் இங்க குந்திக்கினு ரோஜாப்பூ தாளிக்கறேன்.”

மறுநாள் அன்புசெல்வன் எட்வர்டிடம் போனார். லாக்கரில் ஒரு மூலை, ஒரு ஆணி, அதுபோதும் என்றார். எட்வர்ட் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் கட்டினான்.

“அண்ணே, நீங்க கேட்டு இல்லன்னு சொல்றது எனக்குக் கஷ்டமா கீது. ஆனா அங்க கேமரா வெச்சுகீறாங்க. சாவியை அடுத்த ஆளுக்குக் குடுத்தா மெமோ. போன மாசம் ஸ்டோர்ஸ்ல ஒருத்தனுக்கு அடிச்சாங்க.”

“நீ வந்து தொறந்து குடுத்தா?”

“அதையும் கேமரா பாக்கும்ணே.”

எட்வர்டும் ஒருகாலத்தில் அதே கிராதியில் துண்டு உலர்த்தியவன்தான். அதை அவன் மறக்கவில்லை. மறக்காததால்தான் பயந்தான்.

விபரீதம் அந்த வாரமே நடந்தது. கயிறு இழுப்பில் ஒரு விதி உண்டு. ஒவ்வொருவரும் பின்னால் சாய வேண்டும். முன்னால் இருப்பவன் பின்னால் இருப்பவன் மடியில் உட்காருவது போலச் சாய்ந்தால்தான் கயிறு நகரும். ஏழாவது ஆள் எட்வர்ட், எட்டாவது அன்புசெல்வன். வெயில் ரெண்டு மணி. பயிற்சி ஆட்டத்துக்கு எதிரணியாகக் கேன்டீன் ஆட்களை நிறுத்தினார்கள். எட்டுப் பேரையும் சேர்த்துத் தராசில் வைத்தாலும் நம் டீமில் பாதி வராத உடம்புகள். விசில் அடித்ததும் எட்வர்ட் சாய்ந்தான். பாதி சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டான். ஏழாவது ஆள் நிமிர்ந்ததால் ஆறாவது ஆள் நிமிர்ந்தான். அப்படியே வரிசையாக எழுந்து, பள்ளிக்கூடத்துப் பிரேயர் மாதிரி ஏழு பேரும் நெட்டாக நின்றார்கள். வெங்காயம் உரிக்கிற கைகள் அவர்களை அலுங்காமல் இழுத்துக்கொண்டு போயின. கடைசியில் அன்புசெல்வன் ஒருவர் மட்டும் முழுதாகச் சாய்ந்தபடி, குதிகாலால் மண்ணில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டே போனார்.

ஆபீஸ் மாடியிலிருந்து பெரிய மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஹெச்.ஆர். அதிகாரி சத்யா மேடம் அன்புசெல்வனைக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார்.

“இது யாரையும் குறை சொல்றதுக்காக இல்ல அன்புசெல்வன். ஒரு சின்னப் பிரச்சினை வந்திருக்கு. நம்ம முறைப்படி அதை அணுகுவோம்.”

நம்ம முறை என்பது ‘ஏன்’ தாள். கம்பெனியில் எது தப்பாகப் போனாலும் ஐந்து தடவை ஏன் என்று கேட்டு, ஐந்தாவது ஏனுக்குக் கிடைக்கும் பதில்தான் மூல காரணம் என்று எழுத வேண்டும். போல்ட் உடைந்தாலும் தாள், சாம்பாரில் உப்பு கூடினாலும் தாள். அன்புசெல்வனுக்கு இதில் நாலு தடவை பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நாலு தடவையும் புதிதாகச் சேர்ந்தவர் என்ற முறையில்.

“இந்தத் தாள் முடியற வரைக்கும் ஜிம்முக்கும் கிரவுண்டுக்கும் வர வேணாம். முடிஞ்சதும் டீம் லிஸ்ட் மேல போகும்.”

அன்புசெல்வன் தாளை எடுத்துக்கொண்டு கேன்டீனில் சாம்சனைப் பிடித்தார். சாம்சன் பக்கத்து ஃபர்னஸ்காரர், அவரும் கான்ட்ராக்ட் ஆள்தான், இவரைவிட மூணு வயசு மூத்தவர், எடையில் ஆறு கிலோ இளையவர். எழுத்து அழகாக இருக்கும் என்பதால் ஃபர்னஸ் ஆட்களின் லீவு லெட்டரெல்லாம் அவர் கையில்தான் பிறக்கும்.

“சொல்லு நைனா. ஏன் நாறுது?”

“வேர்வை.”

“ரெண்டாவது. வேர்வை ஏன் போவல?”

“சூட்ல காயப் போட்டதால துணியில புடிச்சிக்கிச்சு.”

“கரெக்ட். ஏன் சூட்ல காயப் போட்ட?”

“லாக்கர் இல்ல.”

“நாலாவது. லாக்கர் ஏன் இல்ல?”

“கான்ட்ராக்ட் ஆளு.”

சாம்சன் பேனாவைத் தூக்கிக்கொண்டு டீயை ஒரு வாய் குடித்தார்.

“அஞ்சாவது ஏன் பேஜாரு புடிச்சது நைனா. பதினோரு வருஷமா ஏன் கான்ட்ராக்ட் ஆளு?”

“அது எனக்குத் தெரியாதே.”

“தெரியாதுன்னு எழுதக் கூடாது. டிரெய்னிங்ல சொன்னாங்க இல்ல?”

“அப்போ அவங்களுக்குத்தான் தெரியும்னு எழுது.”

சாம்சன் எழுதினார். மூல காரணம் என்ற கட்டத்தில், முத்து முத்தான கையெழுத்தில், ‘நிர்வாகத்துக்குத்தான் தெரியும்’ என்று. கம்பெனி சரித்திரத்தில் முறை பிசகாமல் போடப்பட்ட ஒரே ‘ஏன்’ தாள் அதுவாகத்தான் இருக்கும்.

ஜிம் கிடையாது என்பதால் டீ-ஷர்ட் அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்தது. வினோதா விடுவதாக இல்லை. ரோஜா பாட்டிலைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். போர் தண்ணீரை விட்டுவிட்டு, குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை வாளியில் ஊற்றினாள். குடிக்கிற தண்ணீரில் துணி துவைக்கிறாள் என்று பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். வினோதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தாள். சோப்புத்தூள் ஒரே ஒரு ஸ்பூன். அதையும் வழுவழுப்புப் போகிறவரை அலசி எடுத்தாள். வெயிலில் போடாமல், காற்றடிக்கிற பக்கமாக நிழலில் தொங்கவிட்டாள். முதல் தடவை ஆப்பசோடா தண்ணீர் பழுப்பாகவும் கொழகொழவென்றும் ஆனது. இத்தனை நாள் அவள் அள்ளிப் போட்ட தூளும் ஊற்றிய ரோஜாவும்தான் துணியில் படலமாகப் படிந்து வாடையை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மூணு நாள், மூணு தடவை.

வியாழக்கிழமை சாயங்காலம் பரீட்சை வைத்தாள். அன்புசெல்வன் கிளிப்பச்சையை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் ஸ்கிப்பிங் கயிறு ஆட வேண்டும். தொண்ணூற்றெட்டு கிலோ குதித்ததில் ஜோதிலட்சுமி வீட்டு நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தது. ஒன்பது நிமிஷம். பத்து. பன்னிரண்டு. வேர்வை கொட்டுகிறது.

“நில்லுய்யா. கையைத் தூக்கு.”

தெருவே பார்க்க, வினோதா அவர் அக்குளில் மூக்கை வைத்தாள். இடது பக்கம், பிறகு வலது பக்கம். மறுபடியும் இடது பக்கம்.

“ஒண்ணியும் இல்ல” என்றாள். “வெறும் உன் வாசனைதான் கீது.”

வெள்ளிக்கிழமை அன்புசெல்வன் டீ-ஷர்ட்டை ஒரு புதுக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு சத்யா மேடத்திடம் போனார்.

“மேடம், போயிடுச்சு. நீங்களே மோந்து பாருங்க.”

சத்யா மேடம் நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

“வேணாம், நம்பறேன். அதுவா பிரச்சினை? தாள்தான் பிரச்சினை. அஞ்சாவது பதிலை ஏத்துக்க மாட்டாங்க. மூல காரணம் நம்ம கைக்குள்ள இருக்கணும், நம்மால சரி பண்ணக்கூடியதா இருக்கணும்னு டிரெய்னிங்ல சொல்லியிருக்கோமே.”

“நடந்ததைத்தான் எழுதினோம் மேடம்.”

“தெரியும். ஆனா ஆடிட்ல இதைக் காட்ட முடியாது. லிஸ்ட் இன்னைக்கு நாலு மணிக்குப் போயாகணும். ரெண்டாவது ஏனோட நிறுத்திக்கலாம். ‘தனிநபர் சுத்தம் குறைவு’ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. தாள் குளோஸ் ஆயிடும்.”

“குளோஸ் ஆனா டீம்ல இருக்கலாமா மேடம்?”

“குளோஸ் ஆனாத்தான் லிஸ்ட்டே போகும்.”

கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் விழுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தது. அன்புசெல்வன் அதைக் கவனிக்கவில்லை. மூணு நாள் ஆப்பசோடாவில் ஊறி, தெரு முன்னால் கையைத் தூக்கிக் காட்டி, சுத்தத்துக்கு இவ்வளவு பாடுபட்ட மனுஷர், தனக்குச் சுத்தம் போதாது என்ற தாளில் கையெழுத்துப் போட்டார். மேடம் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னார்.

தாள் கம்ப்யூட்டருக்குள் போனது. காரணம் நாலு வகைப்படும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இயந்திரம் என்றால் பழுது பார்க்க வேண்டும். முறை என்றால் திருத்த வேண்டும். பொருள் என்றால் மாற்ற வேண்டும். மனிதன் என்றாலும் மாற்ற வேண்டும். சுத்தம் குறைவு மனிதனுக்குக் கீழே வரும். மூணரை மணிக்கு அது தானாகவே பதில் போட்டது: எட்டாம் எண் ஆளை மாற்றவும்.

சத்யா மேடத்துக்கும் வருத்தம்தான். “சிஸ்டம் அப்படி எடுத்துக்கிச்சு. அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றார். டீ-ஷர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வாங்கிக்கொண்டதற்கு ரசீது உண்டு. நிலை என்ற கட்டத்தில் ‘நன்று’ என்று எழுதினார்.

வீட்டில் வினோதாவிடம் சொன்னபோது அவள் கேன் தண்ணீரைத் தூக்கிச் சமையலறைக்குள் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

“கையெழுத்துப் போடறப்போ படிச்சியா?”

“படிச்சேன்.”

“படிச்சுமா போட்ட?”

“குளோஸ் ஆவும்னாங்க.”

“ஆயிடுச்சு இல்ல” என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

எட்டாம் எண்ணுக்கு அடுத்த எடை யார் என்று தேடிப்பார்த்ததில் தொண்ணூற்றிரண்டு கிலோவில் சாம்சன் கிடைத்தார். திங்கட்கிழமை ஆறு மணிக்கு, ஜிம்மிலிருந்து நேரே ஃபர்னஸுக்கு வந்தார். கிளிப்பச்சை உடம்போடு ஒட்டிச் சொட்டிக்கொண்டிருந்தது. அன்புசெல்வனின் முகத்தைப் பார்க்காமல் இடுக்கியைத் துடைத்தார்.

“நான் கேக்கல நைனா. சத்தியமா கேக்கல. வேணான்னா சொல்லு, முதுகு வலின்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“எழுதாத. எழுதறதை முதல்ல வுடு.”

“உனக்குக் கோவமா?”

“எனக்குன்னா அடுத்த வருஷம் நாப்பத்திரண்டு. உனக்கு நாப்பத்தஞ்சு. நீ போ.” அன்புசெல்வன் ஃபர்னஸ் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கேட்டுக்க. போர் தண்ணில தொவைக்கச் சொல்லாத. கேன் தண்ணி. ஆப்பசோடா ரெண்டு ஸ்பூன், ஒரு மணி நேரம். தூளு ஒரு ஸ்பூனுக்கு மேல வேணாம். வாசனை கீசனை ஊத்தவே கூடாது. உள்பக்கம் புரட்டி நெழல்ல போடணும்.”

சாம்சன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே டீ-ஷர்ட்டைக் கழற்றிப் பிழிந்தார். தரையில் விழுந்த தண்ணீர் சுர்ரென்று காய்ந்தது. பிழிந்ததை உதறி, பழக்கத்தில் கிராதிப் பக்கம் கையை நீட்டினார். அன்புசெல்வன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இங்க மட்டும் போடாத.”

“அப்ப எங்க போடறது? ரெண்டு மணிக்குக் கயிறு கீதே.”

இருவரும் ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கான்ட்ராக்ட் ஆள் ஒரு ஈரத் துணியைத் தொங்கவிட அங்கே வேறு இடம் இல்லை. பதினோரு வருஷத்தில் இருந்ததுமில்லை. சைரன் அடித்தது.

“ஈரத்தோடவே போட்டுக்க” என்றார் அன்புசெல்வன். “மேல சட்டையைப் போட்டுக்கினு வேலை செய். உடம்பு சூட்டுலயே காஞ்சிடும்.”

சாம்சன் மறுபடியும் கிளிப்பச்சையை மாட்டிக்கொண்டு, அதன் மேல் சாம்பல் நிறச் சட்டையின் பட்டன்களைக் கழுத்துவரை போட்டார். ஃபர்னஸ் கதவு திறந்தது. இருவரும் ஆளுக்கொரு இடுக்கியோடு வாய்க்கு நேரே போய் நின்றார்கள்.